தைத்த கலமும் ஒட்டிய கலமும்
மரப்படகின் பொருத்துவாய்க்கு வலுவூட்டும் பொருள்களைத் தேர்தல் – ஓர் ஆய்வு

முன்னுரை

தமிழ்த்துறை மலரில் படகுத் தொழில் பற்றிய கட்டுரைக்கு இடமுண்டோ என ஐயுறுவார் இருக்கலாம். கலம், தோணி, வள்ளம், வத்தை, கட்டுமரம் எனக் கடற்கலங்களுக்கு எத்தனையோ பெயர்களை வழங்கிய மொழி நம் மொழி. அவற்றுள் கட்டுமரம் என்னும் சொல் ஆங்கிலம் வரை சென்று உலகச் சொல்லாகவே ஆகிவிட்டது. கடல் வணிகத்தால் பெயர் பெற்ற மரக்காயர் சமுதாயத்தின் பெயரே, மரக்கலம் என்னும் தமிழ்ச் சொல்லிலிருந்தோ, கலம் எனப் பொருள்படும் 'மர்கப்' என்னும் அரபுச் சொல்லிலிருந்தோ தோன்றியது என அறிஞர் இருவகையாக உரைப்பர். ஆகவே கலம் எவ்வாறு செய்யப்பட்டது என்று அறிவது, நம் மொழியையும் நம் முன்னோரையும் அறிவதன் ஒரு பகுதியே ஆகும்.

கலம் செய்யப் புகுவோன் முதலில் எண்ணுவது பலகையைப் பற்றி. கலம் நீரில் இறங்கிய பின்னர் அவன் எண்ணுவதோ பலகைகள் கூடும் இடத்தைப் பற்றி. நல்ல பலகை நீரை எளிதில் உள்ளே விடுவதில்லை. நீர் வழி தேடுவது பொருத்துவாயில்தான். அப்பொருத்துவாயை எப்பொருள் கொண்டு வலுப்படுத்துவது என்னும் வினாவை, மயிலாப்பூர்க் கரையில் அலைகளினூடே ஓடிய பழைய தைத்த படகிலிருந்து, இன்று மாணவரும் தம் கையால் செய்யக்கூடிய சிறு ஒட்டுப்பலகைப் படகு வரை தொடர்ந்து காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும். மிக வலிய பொருளே மிகச் சிறந்தது என்று நாம் எளிதில் எண்ணிவிடுகிறோம். அது பிழை என்பதையும், கலத்தின் இயல்போடு இசைவதே சிறந்தது என்பதையும் நிறுவ முயல்வோம்.

மயிலைக் கரையின் தைத்த படகு

மயிலாப்பூர் பழந்துறை. கிரேக்க நிலநூலார் தாலமி குறிக்கும் 'மலியார்பா' என்னும் ஊர் மயிலாப்பூரே என ஆய்வாளர் பலர் கருதுவர். ஆயினும் இக்கரைக்கு இயற்கையான துறைமுகம் இல்லை. சாந்தோம் முதல் புனித ஜார்ஜ் கோட்டை வரையிலும் அலைகள் மணற்கரையில் வந்து மோதி உடைகின்றன. கப்பல்கள் தொலைவில் நங்கூரமிட்டு நிற்க, ஆளும் சரக்கும் சிறு படகுகளிலேயே கரை சேர வேண்டியிருந்தது. 1861ஆம் ஆண்டில் கடலுள் நீண்ட இரும்புப் பாலம் ஒன்று அமைக்கப்பட்டது. 1875ஆம் ஆண்டில் துறைமுகப் பணி தொடங்கிற்று. எழுந்துகொண்டிருந்த அலைதாங்கிச் சுவர்களை 1881ஆம் ஆண்டுப் புயல் சிதைத்தது. கருங்கல்லும் நிற்க இயலாத அக்கடலில், அதற்கு முன்னும் பின்னும் நாள்தோறும் சென்று மீண்டது மெல்லிய பலகைகளைத் தென்னைநார்க் கயிற்றால் தைத்த ஒரு படகே என்பது வியப்பிற்குரியது.

ஆங்கிலேயர் இதனை 'மசூலா' என்றனர். தமிழில் 'சலங்கு' என்னும் பெயரும் உண்டு. புதுச்சேரிப் பிரெஞ்சுக்காரர் இச்சொல்லையே திரித்துத் தம் வழக்கில் ஆண்டனர். 17ஆம் நூற்றாண்டில் இக்கரைக்கு வந்த தாமஸ் பௌரி என்னும் ஆங்கிலக் கப்பல்காரர், இப்படகிற்கு உள்விலாச் சட்டங்கள் இல்லை என்பதையும், அகன்று மெலிந்த பலகைகள் கயிற்றால் தைக்கப்பட்டிருந்தன என்பதையும் குறித்துச் சென்றுள்ளார். 1920ஆம் ஆண்டில் இந்தியப் படகு வகைகளைப் பற்றி விரிவான ஆய்வை வெளியிட்டவரும், சென்னை மாகாண மீன்துறையின் இயக்குநராக இருந்தவருமான ஜேம்ஸ் ஹார்னெல்லும் இப்படகினை ஆராய்ந்துள்ளார்.

இதன் பொருத்துவாய் அமைந்த முறை நோக்கத்தக்கது. இரு பலகைகளின் விளிம்புகளை ஒட்ட வைத்து, விளிம்போரம் வரிசையாகத் துளையிடுவர். பொருத்துவாயின் மீது வைக்கோல் அல்லது நாரைத் திரளாக வைத்து, அத்திரளையும் சேர்த்து அழுத்தியவாறு கயிற்றால் தைப்பர். பலகையைப் பிணைப்பது கயிறு. நீரைத் தடுப்பது திரள். நீரில் ஊறித் திரள் உப்பும்போது கயிறு மேலும் இறுகும். ஆக, பிணைப்பதற்கு ஒன்று, அடைப்பதற்கு ஒன்று என இரு பொருள்கள் தத்தம் தொழிலைச் செய்கின்றன. பொருத்துவாயின் முதற்பாடம் இதுவே.

இரும்பு ஆணி ஏன் ஆளப்படவில்லை என்னும் வினா எழும். அலையின் மேல் வந்த படகு மணலில் அறைந்து இறங்கும்போது, அந்த அதிர்ச்சி முழுவதும் ஆணி அடித்த சில புள்ளிகளிலேயே குவியும். ஆணியைச் சூழ்ந்த மரம் பிளக்கும். உப்புநீரில் ஆணி துருப்பிடித்து, அத்துரு மரத்தையும் அரிக்கும். தைத்த படகிலோ அதிர்ச்சி நூற்றுக்கணக்கான துளைகளுக்குப் பகிர்ந்தளிக்கப்படுகிறது. படகின் அடித்தளம் சற்றே வளைந்து மீள்கிறது. அப்படகு நீர் கசியும் என்பதும், அவ்வப்போது தையலைப் பிரித்துப் புதுப்பிக்க வேண்டும் என்பதும் உண்மையே. நம் படகோட்டிகள் கசிவை இறைத்துக் கொண்டனர், உடைவைத் தவிர்த்தனர். எதை இழந்து எதைப் பெறுவது என்று தெரிந்தே செய்த தேர்வு அது.

பயணியர் தரும் சான்று

இத்தேர்வு சென்னைக் கரைக்கு மட்டும் உரியதன்று. 1183ஆம் ஆண்டு ஹஜ்ஜுப் பயணம் புறப்பட்ட அந்தலூசிய அறிஞர் இப்னு ஜுபைர், செங்கடலோர ஐதாபுத் துறையில் ஆணியே இல்லாமல் தென்னைநார்க் கயிற்றால் தைத்த கலங்களைக் கண்டார். அவற்றின் மீது ஆமணக்கெண்ணெயோ சுறா எண்ணெயோ பூசுவர் என்றும், பவளப்பாறை மிகுந்த அக்கடலில் கலம் இளகி நெகிழ்ந்து கொடுப்பதற்காகவே அவ்வாறு செய்தனர் என்றும் அவர் எழுதினார். 14ஆம் நூற்றாண்டில் மாலத்தீவைக் கண்ட இப்னு பதூதாவும், அங்கிருந்து ஏற்றுமதியான நார்க் கயிற்றைப் பற்றிக் கூறுமிடத்து, பாறையில் மோதினால் ஆணிக்கலம் உடையும், தைத்த கலம் நெகிழ்ந்து தப்பும் என்னும் கருத்தைப் பதிவு செய்துள்ளார்.

இங்குச் சொல்லாய்வு ஒன்றும் நினைவுகூரத்தக்கது. நூஹ் நபி (அலை) அவர்களின் மரக்கலத்தைத் திருக்குர்ஆனின் 54ஆம் அத்தியாயம் குறிப்பிடுகையில், பலகைகளோடு 'துஸுர்' என்னும் சொல்லையும் ஆள்கிறது. இச்சொல்லுக்கு ஆணிகள் என்று பொருள் கூறுவர். கலத்தின் பலகைகளைப் பிணைக்கும் ஈச்சநார்க் கயிறு என்னும் பொருளையும் அரபு அகராதியாளர் தருவர். ஆணியும் கயிறும் ஒரே சொல்லுள் அடங்கி நிற்பது, அக்காலத்தார்க்கு இவ்விரண்டும் ஒரே தொழிலைச் செய்யும் பொருள்களாகத் தோன்றின என்பதைக் காட்டுகிறது.

இதனைப் பழங்கதை என்று ஒதுக்குதற்கும் இடமில்லை. இந்தோனேசியாவின் பெலித்துங் தீவருகே 1998ஆம் ஆண்டு கண்டறியப்பட்ட 9ஆம் நூற்றாண்டுக் கலம் தைக்கப்பட்ட கலமே. 1980ஆம் ஆண்டு ஓமானில் கட்டப்பட்ட 'சோஹார்' என்னும் தைத்த கப்பல் மஸ்கத்திலிருந்து சீனத்துக் கான்டன் நகரம் வரை சென்றது. 2010ஆம் ஆண்டு 'மஸ்கத்தின் மாணிக்கம்' எனப் பொருள்படும் பெயருடைய மற்றொரு தைத்த கலம் சிங்கப்பூரை அடைந்தது. நம் இந்தியக் கடற்படையும் அஜந்தா ஓவியக் கலத்தைப் பின்பற்றித் தென்னைநார் கொண்டு தைக்கப்பெற்ற 'கௌண்டின்யா' என்னும் பாய்க்கப்பலை 2025ஆம் ஆண்டு மே மாதம் கார்வாரில் தன் அணியில் சேர்த்துக்கொண்டது.

நாரும் பஞ்சும்

தையலுக்குத் தென்னைநாரே ஏன்? பருத்தி நூல் நீரில் கிடந்தால் நுண்ணுயிர்களால் விரைவில் மக்கும். சணலும் அத்தகையதே. தென்னைநாரில் லிக்னின் என்னும் மரப்பொருள் மிகுதி. ஆதலின் உப்புநீரில் எளிதில் அழுகாது. மேலும் அது அறுமுன் நன்கு நீளக்கூடியது. இழுவலிமையில் அதனை விஞ்சும் நார்கள் பல உண்டு. எனினும் நீண்டு மீளும் இயல்பிலும், உப்புநீரைத் தாங்கும் இயல்பிலும் அதற்கு இணையாகக் கரையோரத்தில் எளிதிற் கிடைத்தது வேறில்லை.

தைக்காமல், சட்டங்களின் மேல் பலகை அறைந்து செய்த தோணிகளுக்கு வேறு முறை உண்டு. பலகைகளின் இடைவெளியில் பஞ்சையோ நாரையோ உளி கொண்டு திணித்து, மேலே குங்கிலியமும் எண்ணெயும் கலந்து பூசுவர். இத்தொழிலைக் குறிக்கும் 'கலப்பற்று' என்னும் சொல் நம் அகராதிகளில் உள்ளது. போர்த்துக்கீசிய மொழியின் 'கலஃபதார்', அரபு மொழியின் 'கலஃப' ஆகியவற்றோடு அறிஞர் தொடர்புபடுத்தும் சொற்குடும்பத்தைச் சேர்ந்தது இது. கடல் வழியே மூன்று மொழிகளில் உலவிய இச்சொல் இன்று நம் மாணவர் செவிக்குப் புதியதாக ஒலிக்கிறது. தொழில் மறையும்போது சொல்லும் மறைகிறது.

திணிக்கும் பொருளில் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. பலகை நீரில் ஊறி அகலும். வெயிலில் காய்ந்து சுருங்கும். அகலும்போது திணித்த பஞ்சு நசுங்கி இடங்கொடுக்க வேண்டும். கல்லெனக் கெட்டியாகும் பசையை அங்கு நிரப்பினால், அகலும் பலகை தன் விளிம்பையே நசுக்கிக்கொள்ளும். மீண்டும் காயும்போது முன்னிலும் பெரிய பிளவு தோன்றும். பழைய பலகைப் படகின் மேல் கண்ணாடியிழையைப் போர்த்தி, 'இனிக் கசியாது' என்று நம்பியவர்கள் பலர் ஏமாந்தது இதனாலேயே. உள்ளிருந்து ஊறிய ஈரம் வெளியேற வழியின்றி மரம் அழுகுகிறது. மேலுறை தோல் உரிவதுபோல் உரிகிறது. அசையும் மரத்திற்கு அசையும் பொருளே துணை.

தையலின் மறுபிறப்பு

இனி, வீட்டிலோ கல்லூரிப் பட்டறையிலோ செய்யக்கூடிய இக்காலச் சிறு படகிற்கு வருவோம். பிளைவுட் எனப்படும் ஒட்டுப்பலகையில் மெல்லிய மரத்தகடுகள் ஒன்றற்கொன்று குறுக்காக ஒட்டப்படுகின்றன. ஆதலின் அது பலகையைப் போல் அகலுவதும் சுருங்குவதும் இல்லை. அசையாத இப்பலகைக்கு அசையாத பொருத்துவாய் பொருந்தும்.

1960களின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் பாரி பக்னெல், ஜாக் ஹோல்ட் ஆகிய இருவரும் 'மிரர்' என்னும் சிறு பாய்ப்படகை வகுத்தனர். ஒட்டுப்பலகைகளை வடிவாக வெட்டி, விளிம்போரம் துளையிட்டு, செப்புக் கம்பியால் தைத்து, பொருத்துவாயின் மேல் கண்ணாடியிழை நாடாவைப் பிசினால் ஒட்டும் முறை அதனால் பரவிற்று. தொழில் அறியாதவரும் படகு செய்ய இயன்றது. துளையிட்டுத் தைப்பது என்னும் நம் கரையின் பழைய முறையை இதில் மீண்டும் காண்கிறோம். வேறுபாடு ஒன்றே: அங்குத் தையலே இறுதிவரை பிணைப்பாக நின்றது, இங்கோ பிசின் இறுகும் வரை மட்டுமே தையல் துணை நிற்கிறது.

நம் நகரிலும் இத்துறையில் முயற்சிகள் நடந்துள்ளன. 1979ஆம் ஆண்டு தொடங்கப்பெற்று, சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு, அபிராமபுரம் செயின்ட் மேரீஸ் சாலையில் இயங்கிய வங்காள விரிகுடாத் திட்டம், அலைகடலில் கரையேறத்தக்க புதுப்படகுகளை 1980களில் வகுத்துச் சோதித்தது. பின்னர்க் கண்ணாடியிழைப் படகுகள் பெருகின. 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலைக்குப் பின் அவை மேலும் பரவின. இன்று நொச்சிக்குப்பத்திலிருந்து பட்டினப்பாக்கம், ஊரூர் ஆல்காட் குப்பம் வரை நாம் காண்பவை பெரும்பாலும் அவையே.

எப்பொருளைத் தேர்வது?

ஒட்டுப்பலகைப் படகின் பொருத்துவாய்க்குக் கடைகளில் கிடைக்கும் பொருள்கள் பல. அவற்றின் குணம் குற்றங்களை முறையே காண்போம்.

1. பிசின்: கண்ணாடியிழைப் படகுப் பட்டறைகளில் பெரிதும் ஆளப்படுவது பாலியெஸ்டர் பிசின். விலை குறைவு. ஆயினும் மரத்தோடு அதன் பற்று குறைவு, நாளடைவில் உரியும். எபாக்சி பிசின் விலை மிக்கது; மரத்தில் நன்கு பற்றும். பொருத்துவாய்க்கு எபாக்சியே தக்கது. செலவைக் குறைக்க வேண்டின் வேறெங்கேனும் குறைக்கலாம், இங்கன்று.

2. பாய்: நறுக்கிய இழைகளைப் பரப்பிச் செய்த 'மேட்' என்னும் பாய், பாலியெஸ்டர் பிசினுக்கென்றே அமைந்தது. அதன் இழைகளைக் கூட்டிவைக்கும் கட்டுப்பொருள் அப்பிசினில் கரையும், எபாக்சியில் கரைவதில்லை. ஆதலின் எபாக்சியோடு சாதாரணப் பாயை ஆள்வது பொருந்தாத் திருமணம் போன்றது.

3. நெய்த நாடா: பாவும் ஊடுமாக நெய்த கண்ணாடியிழை நாடா எளிதில் கிடைப்பது, கையாள எளியது. பொருத்துவாயின் வழியே இதனை ஒட்டும்போது, ஊடிழைகள் மட்டுமே பொருத்துவாயைக் குறுக்காகக் கடந்து பிணைக்கின்றன. நெடுக ஓடும் பாவிழைகள் அப்பணியில் மிகுதியாகப் பங்கு கொள்வதில்லை. 4 முதல் 6 மில்லிமீட்டர் பலகையால் ஆன சிறு படகுக்குச் சதுர மீட்டருக்கு 200 முதல் 300 கிராம் எடையுள்ள, 75 மில்லிமீட்டர் அகல நாடா உள்ளும் புறமும் ஒட்டினால் பொதுவாகப் போதுமானது.

4. சாய்விழைத் துணி: இருபுறமும் 45 பாகை சாய்ந்த இழைகளை நெய்யாமல் அடுக்கித் தைத்த துணி இது. இதன் இழைகள் யாவும் பொருத்துவாயைக் கடந்தே செல்கின்றன. மூலையிலும் நன்கு மடிந்து படிகின்றன. 6 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட பலகைக்கும், சுமை ஏற்றும் படகுக்கும் சதுர மீட்டருக்கு 400 கிராம் அளவிலான இத்துணி ஏற்றது. நெய்த நாடாவினும் பிசினை மிகுதியாகக் குடிக்கும்.

5. கரியிழையும் கெவ்லாரும்: இவற்றின் பெயர் கேட்டு மயங்குவோர் உளர். கரியிழை மிக விறைப்பானது. மரம் வளையும் அளவுக்கு அது வளையாது; ஆதலின் சுமை முழுவதும் அதன் ஓரத்தில் குவியும். உப்புநீரில் உலோகத்தைத் தொட்டால் அவ்வுலோகத்தை அரிக்கச் செய்யும். கெவ்லார் உராய்வைத் தாங்கும். ஆனால் வெட்டவும் தேய்க்கவும் அரிது, அமுக்கத்தில் வலுக்குறைவு. சிறு மரப்படகின் பொருத்துவாய்க்கு இவை இரண்டும் தேவையற்ற செலவே.

எப்பொருளைத் தேர்ந்தாலும் சில விதிகள் பொது. உள்மூலையில் எபாக்சியோடு மரத்தூள் கலந்து வளைவாக நிரப்பிய பின்னரே நாடாவை ஒட்ட வேண்டும். கூர்மூலையில் இழை படியாது. வெளிவிளிம்பையும் உருட்டிவிட வேண்டும். இரண்டு அடுக்கு ஒட்டுவதாயின் ஒன்று மற்றதனினும் அகன்றிருத்தல் வேண்டும். ஓரங்கள் ஒரே கோட்டில் முடிந்தால் அக்கோட்டிலேயே பலகை முறியும். பலகை ஐ.எஸ். 710 முத்திரை பெற்ற கடற்பயன் ஒட்டுப்பலகையாக இருத்தல் நன்று. உள்ளிருக்கும் பசை நீரில் விடுமாயின், மேலே ஒட்டிய நாடா எத்துணைச் சிறந்ததாயினும் பயனில்லை.

நம் ஊரின் வெப்பமும் ஈரமும்

குளிர்நாட்டில் எழுதப்பட்ட கைந்நூல்களைச் சென்னையில் அப்படியே பின்பற்றல் ஆகாது. சித்திரை வெயிலில் எபாக்சி மிக விரைவில் இறுகும். ஆழமான குவளையில் வைத்தால் தன் சூட்டாலேயே கொதித்துப் புகையும். சிறிது சிறிதாகக் கலந்து, அகன்ற தட்டில் ஊற்றி ஆள வேண்டும். ஐப்பசி, கார்த்திகையின் ஈரக்காற்றிலோ, இறுகிய பிசின் மேல் மெழுகு போன்ற படலம் தோன்றக்கூடும். அதனை நீரால் கழுவித் தேய்த்த பின்னரே அடுத்த அடுக்கை ஒட்ட வேண்டும். பிசினும் இறுக்கியும் உற்பத்தியாளர் கூறிய விகிதத்திலேயே கலக்கப்பட வேண்டும். விரைவில் இறுகட்டும் என இறுக்கியைக் கூட்டினால் பிணைப்பு வலுக்குன்றும். கையுறையின்றித் தொட்டால் தோலில் ஒவ்வாமை தோன்றும். கண்ணாடியிழைத் தூள் மூச்சுக்குக் கேடு. முகக்கவசம் இன்றியமையாதது.

ஒரு சோதனை

மாணவர் இவற்றைத் தாமே சோதித்தறியலாம். சாண் அளவுள்ள ஒட்டுப்பலகைத் துண்டுகளை இரண்டிரண்டாகக் கோணத்தில் பொருத்தி, முதல் இணையைப் பாலியெஸ்டரும் பாயும் கொண்டும், இரண்டாவதை எபாக்சியும் நெய்த நாடாவும் கொண்டும், மூன்றாவதை எபாக்சியும் சாய்விழைத் துணியும் கொண்டும் ஒட்டுக. ஒரு வாரம் இறுகவிட்டு, இரண்டு நாள் உப்புநீரில் ஊறவைத்துக் காயவிடுக. பின்னர் ஒவ்வொன்றையும் கோணம் விரியுமாறு அழுத்தி முறித்து, முறிந்த இடத்தை நோக்குக. மரமே கிழிந்து, அதன் நார் பிசினோடு ஒட்டியிருந்தால் பொருத்துவாய் நன்று. பிசின் வழுவழுப்பாகக் கழன்று வந்தால் பொருளோ, செய்முறையோ பிழை. முறியும்போது மரம் முறிய வேண்டும், பொருத்துவாய் முறியலாகாது.

இச்சோதனையில் தேறாத படகை நீரில் இறக்கலாகாது. தேறிய படகையும் அமைதியான நீரில், உயிர்காப்பு அங்கியோடு, நீச்சலறிந்த பெரியவர் துணையிருக்கவே முதலில் இறக்க வேண்டும். மணல்திட்டும் நீரோட்டமும் மாறிக்கொண்டேயிருக்கும் அடையாற்று முகத்துவாரம் அதற்கு உரிய இடமன்று. பொருத்துவாயில் சேமித்த சில ரூபாய், ஓர் உயிருக்கு ஈடாகாது.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால் பின்வருவன பெறப்படும். பொருத்துவாயில் பிணைப்பதும் அடைப்பதும் இருவேறு தொழில்கள். அசையும் பலகைக்கு நெகிழும் நாரும் பஞ்சும் பொருந்தும். அசையாத ஒட்டுப்பலகைக்கு எபாக்சியும் கண்ணாடியிழையும் பொருந்தும். ஒன்றற்குரியதை மற்றதற்கு ஆள்வதே பெரும்பிழை. வலிமை என்பது பொருளில் மட்டும் இல்லை. பொருளுக்கும் மரத்திற்கும் நீருக்கும் உள்ள இசைவில் உள்ளது.

இவ்வுண்மையை நம் கரையோர முன்னோர் ஏட்டில் எழுதிவைக்கவில்லை. கையால் அறிந்து கையாலேயே கற்பித்தனர். கற்ற கைகள் குறைந்து வருகின்றன. கீழக்கரை, காயல்பட்டினம், நாகூர் முதலிய ஊர்களிலிருந்து வந்து நம் கல்லூரியில் பயிலும் மாணவர், தம் இல்லத்துப் பெரியோரிடம் ஒரு கேள்வி கேட்க வேண்டுகிறோம். தோணியின் பொருத்துவாய்க்கு என்ன பெயர் சொல்வார்கள்? எதனைத் திணிப்பார்கள்? எந்த எண்ணெயைப் பூசுவார்கள்? பெறும் விடைகளைச் சொல் மாறாமல் குறித்துக் கொணர்ந்தால், அகராதியில் இல்லாத தமிழ்ச்சொற்கள் சிலவேனும் அழியாமல் நிற்கும். பெரியோர்களும் கேளாமலேயே சொல்ல முன்வருதல் வேண்டும். ஒரு தலைமுறைக்கும் அடுத்த தலைமுறைக்கும் இடையே உள்ளதும் ஒரு பொருத்துவாயே. அதனைத் தைத்து வைத்தல் நம் அனைவர் கடமையுமாகும்.